ரூபி வீட்டு வேதபாடம்

“வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கீழத்தெரு வேதபாடம் நடைபெறும். இடம் பின்னர் அறிவிக்கப்படும்.”

ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் இப்படி வாசித்துவிட்டு, மூச்சு விடாமல் அடுத்த அறிவிப்புக்குத் தாவினார். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அரிசி, காய்கறி கொடுக்க விரும்புகிறவர்கள் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டுமாம்.

நான் பெண்கள் பக்கம் நடுப் பெஞ்சில் இருந்தேன். இடம் பின்னர் அறிவிக்கப்படும் என்றால் என்ன அர்த்தம்? முந்தின நாள்தான் உபதேசியாரை அவர் வீட்டு வாசலிலேயே பார்த்து, இடம் ரூபி வீடு என்று என் வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மனுஷன் அப்போதே தலையைச் சொறிந்தார். கமிட்டியில் யாரோ வாயைக் கட்டிவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்துபோனது.

வெள்ளம் வடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புதிதாகச் சுண்ணாம்பு அடித்தும் கோயில் சுவரில் ஈர வாடை போகவில்லை. பெஞ்சுகளின் கால்கள் ஊறி உப்பியிருந்தன. (எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். குருவானவர் எங்களுக்கு ஐயர். வெளியூர்க்காரர்கள் படித்துக் குழம்ப வேண்டாம்.)

திரும்பிப் பார்த்தேன். ரூபி கடைசிப் பெஞ்சில், வாசலை ஒட்டி இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

எழுந்து நின்றேன். எங்கள் கோயிலில் பெண்கள் எழுந்து நிற்பது பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மட்டும்தான். பாட்டும் இல்லாமல் ஜெபமும் இல்லாமல் ஒருத்தி நிற்கிறாளே என்று ஆண்கள் பக்கம் தலைகள் திரும்பின.

“இடம் ரூபி வீடு. எல்லாரும் வாங்க,” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் இருந்த அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இந்தச் சின்ன வாக்கியத்துக்காக நான் கேட்ட பேச்சைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கையைத் தூக்கியது யார்

எங்கள் கீழத்தெருவில் வேதபாடம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. வாரம் ஒரு வீடு. தெருவின் மேற்கு முனையில் தொடங்கிக் கிழக்கு முனைவரை வரிசையாகப் போய், மறுபடி மேற்கிலிருந்து. வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை எடுத்து ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். பிறகு பேசுவோம். கடைசியில் எந்த வீட்டில் கூடினோமோ அந்த வீட்டுக்காரர்தான் முடிவு ஜெபம் செய்ய வேண்டும். இது ஏட்டில் எழுதாத சட்டம்.

எனக்கு முன்னால் இதை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு தாசில்தார். நல்ல மனுஷர். ஆனால் வேதத்தை அரசாணை மாதிரி வாசிப்பார். அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பாதிப் பேர் சுவரில் சாய்ந்துவிடுவார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

அவர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போனபோது, இனி யார் நடத்துவது என்று ஐயர் கேட்டார். ஆண்கள் எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

போன வாரம் என் ஜெராக்ஸ் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “கடை நடத்துகிறவளுக்கு வேதம் எதற்கு?” என்று கேட்டு எழுதியிருந்தார். இதே கேள்வியை அன்றைக்கே ஒருவர் கேட்டுவிட்டார், ஐயா. அவர் எங்கள் தெரு தங்கராஜ் அண்ணாச்சி. சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். சபைக் காரியங்களைப் பார்க்கிற சேகரக் கமிட்டியில் மெம்பர். பெண் நடத்தி ஆண்கள் உட்கார்ந்து கேட்பதா என்றார். சரி, அண்ணாச்சி நடத்துங்கள், நான் கேட்கிறேன் என்றேன். கடையில் லோடு இறங்கும் நேரம் என்றார். அதோடு வேலை என்னிடம் வந்தது.

நான் விளக்கம் சொல்வதில்லை. வாசித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதில் உங்களுக்குப் புரியாதது என்ன? முதல் சில வாரம் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. பிறகு ஒருத்தி, யோபுவின் பெண்சாதி பேர் ஏன் எழுதப்படவில்லை என்று கேட்டாள். அன்றிலிருந்து யாரும் சுவரில் சாயவில்லை.

காபி மட்டும்

இங்கே ஒரு கிளைக்கதை.

தாசில்தார் காலத்தில் கூட்டம் முடிந்ததும் காபி உண்டு. என் காலத்தில் ஆட்கள் கூடினார்கள், கூடவே பலகாரமும் கூடியது. ஒரு வீட்டில் சுண்டல் கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் சுண்டலும் வடையும். அதற்கடுத்து கேசரி. பிறகு ஒரு வீட்டு மருமகள் தன் வீட்டுக்காரரைப் பஸ்ஸில் டவுணுக்கு அனுப்பி, தேரடியில் வரிசையில் நின்று அல்வா வாங்கி வரச் சொன்னாள். சூடு ஆறாத அல்வாவை இலைத்துண்டில் வைத்துக் கொடுத்தபோது நெய் வழிந்து என் வேதாகமத்தில் ஒட்டிக்கொண்டது. சங்கீதப் பக்கங்கள் இன்றைக்கும் பிரிய மறுக்கின்றன.

அடுத்த வீடு பீடி சுற்றுகிற செல்வியுடையது. அவள் என் கடைக்கு வந்து, இந்தத் தடவை என் வீட்டை விட்டுவிடுங்கள் அக்கா என்றாள். ஏன் என்று கேட்க எனக்கு என்ன மூளை இல்லையா?

அந்த வாரமே சொல்லிவிட்டேன். இனி காபி மட்டும். அதுவும் சுக்குக் காபியோ கடுங்காபியோ, வீட்டில் இருப்பது. மீறிப் பலகாரம் வைக்கிற வீட்டில் நான் ஜெபத்தோடு எழுந்து போய்விடுவேன். அல்வா வீட்டுக்காரி கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். செல்வி வீட்டில் அந்த வாரம் கூட்டம் நடந்தது.

வரிசையில் இல்லாத வீடு

ஆனால் தெருவில் ஒரு வீட்டை மட்டும் வரிசை தாண்டிப் போகும். அது ரூபியின் வீடு.

ரூபி எங்கள் சபையிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். என் ஜாக்கெட் அளவு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இசக்கிமுத்துவைக் காதலித்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். இசக்கிமுத்து ஏரல் பக்கம் வாழைத்தார் வியாபாரம். சாமி கும்பிடுகிறவர்கள், குலதெய்வம் சுடலைமாடன்.

வெளியே கல்யாணம் செய்தால் எங்கள் சபையில் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. நற்கருணை அப்பமும் ரசமும் தர மாட்டார்கள். சபையின் முன்னால் நின்று, செய்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேர்ப்பார்கள். எத்தனையோ பேர் ஒப்புக்குக் கேட்டுவிட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். ரூபி கேட்கவில்லை.

“அவரக் கட்டுனது தப்புன்னு சொல்லணுமாம்க்கா,” என்றாள் ஒரு நாள், என் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே. “தப்புன்னு தோணலியே. தோணாதத ஆண்டவர் முன்னால எப்பிடிச் சொல்ல?”

நற்கருணை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஆனாலும் ஒரு வாரம் தவறாமல் வருவாள். வியாழக்கிழமை வேதபாடத்துக்கும் வருவாள். அவள் வீட்டுக்கு மட்டும் யாரும் போவதில்லை. நான் நடத்தத் தொடங்கியதும், வரிசைப்படி உன் வீட்டுக்கு வரட்டுமா என்று முதல் சுற்றிலேயே கேட்டேன். வேண்டாம்க்கா, உங்களுக்கு வம்பு என்றாள். அடுத்த சுற்றிலும் அதே பதில்.

இதை எழுதும் இன்றுவரை அவளுக்கு நற்கருணை தரவில்லை. நானும் விடவில்லை. கமிட்டி கூடும்போதெல்லாம் ஐயரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னைக் கண்டாலே அவர் சைக்கிளை வேறு பக்கம் திருப்புகிறார் என்று பேச்சு. திருப்பட்டும், தெரு ஒன்றுதானே.

மாடியில்

பிறகு அந்த வெள்ளம் வந்தது.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. ஆனால் ஆறும் குளங்களும் சேர்ந்து உடைத்துக்கொண்டு வந்தது அந்த முறைதான். விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். வாழைக்குலைகளும் கேஸ் சிலிண்டர்களும் யாரோ வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிழக்கே கொற்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. என் கடை ஜெராக்ஸ் மெஷினும் போயிற்று. அது தனிக்கதை, அழாமல் எழுத முடிகிறபோது எழுதுகிறேன்.

கீழத்தெருவில் மாடி வைத்த வீடு ஒன்றே ஒன்றுதான். இசக்கிமுத்து கட்டியது. வாழைத்தார் கட்டுகிற கயிற்றைத் தன் வீட்டுத் தூணில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் தண்ணீருக்குள் இறங்கினார். ஒவ்வொரு வீடாகப் போய் ஆட்களைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி மாடிக்கு ஏற்றினார். தங்கராஜ் அண்ணாச்சியின் மனைவி பொன்மணி அக்காவுக்கு மூட்டுவலி. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

தண்ணீர் வடியும்வரை தெருவே அந்த மாடியில் கிடந்தது. ரூபி இருந்த அரிசியை எல்லாம் பொங்கினாள். அரிசி தீர்ந்ததும் வாழைக்காயை அவித்துக் கொடுத்தாள். பிள்ளைகள் குளிரில் நடுங்கியபோது, தைக்க வந்திருந்த துணிகளைப் பிரித்துப் போர்த்திவிட்டாள். யாருடைய துணி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. யாரோ மெல்லப் பாட ஆரம்பித்தார்கள், எல்லாரும் சேர்ந்துகொண்டோம். பாடி முடிந்ததும் தங்கராஜ் அண்ணாச்சி எழுந்து ஜெபம் செய்தார். அவர் வேட்டி நனைந்துபோயிருந்ததால் இசக்கிமுத்துவின் லுங்கிச் சாரத்தைக் கட்டியிருந்தார். சுவரில் அவர் தலைக்கு நேர் மேலே சுடலைமாடன் படம். இந்த வீட்டாரை ஆசீர்வதியும் ஆண்டவரே என்று சொல்லி அண்ணாச்சி அழுதார். பொய்யாக அழவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

வெள்ளம் வடிந்து, சேற்றை வாரிக் கொட்டி, வேதாகமங்களை வெயிலில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்து, மறுபடி வேதபாடம் தொடங்கினோம். ரூபி வீட்டுக்கு முந்தின வீட்டில் கூடிய அன்று அவள் என் பின்னாலேயே வந்தாள்.

“அக்கா, அடுத்த மொறை எங்க வீட்டுக்கு வாங்க,” என்றாள்.

நான் நின்றுவிட்டேன். அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அன்னைக்கு எங்க வீட்டுல பண்ணுன ஜெபம் ஆண்டவருக்குக் கேட்டிச்சுன்னா, இன்னைக்குப் பண்ணுனாலும் கேக்கும்லாக்கா?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

அது வேற, இது வேற

சேதி பரவ அரை நாள் ஆகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், நான் உபதேசியார் வீட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே, தங்கராஜ் அண்ணாச்சி தன் கடை வாசலில் என்னைக் கூப்பிட்டார். ஐயரும் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, புதிதாக வந்தவர், யாரையும் பகைக்கத் தெரியாதவர்.

ஒழுங்கு நடவடிக்கையில் இருக்கிற வீட்டில் போய்ச் சபை கூடினால் நாளைக்கு நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிப் பயங்காட்டுவது என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். பிள்ளைகளைப் பயங்காட்டத்தான் சபையா என்று கேட்டேன். ஐயர் இருமினார்.

“சரி தாயி, அத விடு,” என்றார் அண்ணாச்சி. “முடிவு ஜெபம் யாரு பண்ணுவா? வீட்டுக்காரன்லா பண்ணணும். இசக்கிமுத்தா பண்ணுவான், சுடலை படத்துக்குக் கீழ நின்னு?”

“நீங்க பண்ணுனீங்கள்லா அண்ணாச்சி,” என்றேன். “அதே படத்துக்குக் கீழ. அவரு சாரத்தக் கட்டிக்கிட்டு.”

அவர் முகம் கறுத்தது. “அது வேற, இது வேற. அன்னைக்கு உயிர் போற நேரம்.”

“அப்ப உயிர் போற நேரத்துக்கு மட்டும் அந்த வீடு ஆகும். காபி குடிக்க ஆகாது.”

ஐயர் சமாதானத்துக்கு வந்தார். பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ரூபி அக்காவையும் கூப்பிடலாம் என்றார். அவளைக் கூப்பிடத் தேவையில்லை ஐயா, அவள் நம் எல்லார் வீட்டுக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறாள், நாம்தான் அவள் வீட்டுக்குப் போகவில்லை என்றேன். ஐயர் கடை வாசலில் நின்ற தன் சைக்கிளைப் பார்த்தார். கெட்டவர் இல்லை அவர். பதில் தெரிந்த கேள்விக்கு வாயைத் திறக்கப் பயம், அவ்வளவுதான்.

பீடத்துக்கு முன்னால் வாசிக்கப்படாத கூட்டம் எங்கள் ஊரில் சபைக் கூட்டம் ஆகாது. இடத்தை வாசிக்காமல் விட்டால் ஒருவரும் வர மாட்டார்கள் என்று அண்ணாச்சிக்குத் தெரியும். மறுநாள் அதைத்தான் செய்தார்கள். அதற்காகத்தான் நான் எழுந்து நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். இனி வேதபாடத்தை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிக் கமிட்டி கேட்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்டால் கொடுத்துவிடுகிறேன், ஆனால் இந்த வியாழக்கிழமையை முடித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்றேன். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வேறு. நீ செய்தது சரிதான், ஆனால் என்னைப் பார்த்துக் கேட்பார்களே, நான் என்ன சொல்ல என்றார். என் பெண்டாட்டி பேச்சை நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே என்றேன். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்தினேன். ரூபி வீட்டு வாசலில் இசக்கிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். ஹாலில் பாய்கள், ஓரத்தில் நாற்காலிகள். தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளித் துணி போட்டு மூடியிருந்தார்கள். மாடியில் இருந்த சுடலைமாடன் படம், மாடிச்சுவர் ஊறிப்போனதால் கீழே ஹாலுக்கு வந்திருந்தது.

“அக்கா, அந்தப் படத்தக் கழத்தி உள்ள வச்சிரட்டுமா?” என்று கேட்டார் இசக்கிமுத்து, குரலைத் தாழ்த்தி.

“எதுக்கு? இருக்கட்டும்,” என்றேன்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. என் ஆண்டவர் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் வீட்டுக்குள் போய், சுவரைக் காலி பண்ணு, பிறகு உட்காருகிறேன் என்று சொல்ல நான் யார்? அவர் தண்ணீருக்குள் இறங்கியபோது எங்கள் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்று பார்த்துவிட்டா கயிற்றைக் கொடுத்தார்?

ஆறரை ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. சமையலறையிலிருந்து சுக்கும் கருப்பட்டியும் கொதிக்கிற வாசனை வந்தது. ரூபி எட்டிப் பார்ப்பாள், உள்ளே போவாள். டம்ளர்களை அடுக்குகிற சத்தம் கேட்கும். மறுபடி எட்டிப் பார்ப்பாள். தெருவில் ஆட்கள் நடந்தார்கள். எங்கள் ஆட்கள்தான். வாசலைப் பார்க்காமல் நடந்தார்கள்.

“நாம மட்டும் ஆரம்பிச்சிருவோம்க்கா,” என்றாள். “யாரும் வரமாட்டாவ.”

பைய ஆரம்பிக்கலாம், பொறு என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஒருவரும் வராவிட்டால் நான் தோற்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் வாய் திறக்காதவள் ஒரு தடவை கேட்டாள். ஊரே கேட்கும்படி அவள் பெயரைச் சொல்லிவிட்டு, இப்போது ஊரே பார்க்க அவளைக் காலிப் பாயின் முன்னால் நிறுத்திவிட்டேனே என்று பதறியது.

முதலில் வந்தது செல்வி. இடுப்பில் பிள்ளையோடு, பீடி வாசனையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே கூடப் பீடி சுற்றுகிற இரண்டு பேர். பிறகு, வரமாட்டேன் என்று சொன்ன என் வீட்டுக்காரர், சும்மா இந்தப் பக்கம் வந்தவர் மாதிரி நுழைந்தார். அவருக்குப் பின்னால், வாசலில் ஒரு குடை மடங்கியது.

பொன்மணி அக்கா. தங்கராஜ் அண்ணாச்சியின் மனைவி.

இசக்கிமுத்து ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் மூட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். “என்ன எல்லாரும் என்னையே பாக்கிய? வேதத்தப் பாருங்க,” என்றாள்.

அன்றைய அதிகாரம் நெகேமியாவில் மூன்றாவது. வரிசையாகத்தான் வந்தது, நான் தேடி எடுக்கவில்லை. எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது மதில்சுவரை, யார் யார் எந்தெந்த இடத்தில் கட்டினார்கள் என்று பெயர் பெயராகப் போகும். வேதபாடத்துக்கு இதைவிட வறண்ட அதிகாரம் கிடையாது. மெஷேசாபெயேல் என்ற பெயரைச் செல்வி மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, சவத்தத் தள்ளு என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். அவள் பிள்ளைகூடச் சிரித்தது.

புரியாதது என்ன என்று கேட்டேன். இத்தனை பெயரை எதற்கு எழுதி வைத்திருக்கிறது என்றாள் செல்வி. வேலை செய்தவன் பெயர் இருக்க வேண்டாமா என்றாள் பொன்மணி அக்கா. தட்டான் கட்டியிருக்கிறான், தைலக்காரன் கட்டியிருக்கிறான், ஒருத்தன் தன் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கட்டியிருக்கிறான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் தெருவில் பாதிச் சுற்றுச்சுவர் அப்போதும் விழுந்தே கிடந்தது. அதனால் கட்டுகிற பேச்சு எல்லாருக்கும் பிடித்திருந்தது.

“ஒரு ஊர்ல பெரிய ஆளுக மட்டும் வேலைக்குக் கழுத்தக் குடுக்கலன்னு இருக்கு,” என்றார் என் வீட்டுக்காரர். “அவுக பேரு ஒண்ணையும் எழுதலியே.”

எல்லாருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தார். எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

“சிரிக்கணும்னா சிரிங்கட்டி,” என்றாள் பொன்மணி அக்கா. “அவுக கூட நாந்தான குடும்பம் நடத்துதேன்.”

அந்தச் சிரிப்புச் சத்தம் தெருவில் வாசலைப் பார்க்காமல் நடந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

வழக்கம்போல, வீட்டுக்காரர் முடிவு ஜெபம் என்றேன். எல்லாரும் நிலைவாசலில் நின்ற இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் ரூபியைப் பார்த்தார்.

“நான் பண்ணலாமாக்கா?” என்றாள் ரூபி.

“இது யாரு வீடு?” என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் நாலு பேர் கேட்க வாய்விட்டு ஜெபித்ததில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, அன்றைக்கு மாடியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தாள். செல்வியின் பிள்ளைக்குச் சளி போக வேண்டும். எஸ்தர் அக்காவுக்கு, அதாவது எனக்கு, புது ஜெராக்ஸ் மெஷின் கிடைக்க வேண்டும். பொன்மணி அக்காவின் மூட்டுவலி குறைய வேண்டும். வராத வீடுகளையும் விடவில்லை. தங்கராஜ் அண்ணாச்சிக்குச் சர்க்கரை குறைய வேண்டும் ஆண்டவரே என்றாள். தனக்கென்று ஒன்றும் கேட்காமல் ஆமென் சொல்லிவிட்டாள். நான் அழுதுவிட்டேன். அது கோபமா சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காபி வந்தது. குடித்தோம். எழும்புவதற்கு முன், அடுத்த வாரம் எந்த வீடு என்று நான்தான் சொல்ல வேண்டும். ரூபி வீட்டுக்குக் கிழக்கே அடுத்த வீடு தங்கராஜ் அண்ணாச்சியுடையது. அதைத் தாண்டி அதற்கடுத்த வீட்டைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன்.

“வரிசைய எதுக்கு மாத்துத?” என்றாள் பொன்மணி அக்கா. நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள். “அடுத்த வாரம் எங்க வீடு. ரூபி, இசக்கிமுத்துவையும் கூட்டிட்டு வா.”

அண்ணாச்சி என்ன சொல்வாரோ என்று இழுத்தேன்.

“அவுகளுக்கு இஷ்டம்னா இருந்து முடிவு ஜெபம் பண்ணட்டும்,” என்றாள். “இல்லன்னா கடையிலயே இருக்கட்டும். நான் பண்ணுதேன்.”